சர்க்கரைக்கு வாசனை உண்டா? மூக்கை ஏமாற்றும் "மிட்டாய் சென்ட்"!

சமையல்கட்டுக்குப் போய் சர்க்கரை டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். ஏதாவது வாசனை வருகிறதா?

வராது. வெள்ளைச் சர்க்கரைக்கு வாசனையே கிடையாது!

வெல்லத்துக்கு வாசனை உண்டு. கருப்பட்டிக்கு உண்டு. சர்க்கரையை அடுப்பில் வைத்துப் பாகு காய்ச்சினால் அப்போதும் உண்டு. ஆனால் டப்பாவில் சும்மா இருக்கிற சர்க்கரை, மூக்குக்கு வெறும் மணல் மாதிரிதான். நாக்கில் பட்டால்தான் அது யாரென்று தெரியும்.

அப்படியானால் "இனிப்பு வாசனை" என்று சொல்லி உலகம் முழுக்க சென்ட் பாட்டில்கள் சக்கைப்போடு போடுகின்றனவே, அது எப்படி?

பஞ்சுமிட்டாய் வாசனை, சாக்லேட் வாசனை, வெனிலா ஐஸ்கிரீம் வாசனை, பிஸ்தா வாசனை... சென்ட்டில் தொடங்கி சோப்பு, ஷாம்பு, உடம்பில் பூசும் கிரீம், மெழுகுவர்த்தி வரைக்கும் வந்துவிட்டன. அந்த பாட்டில்களில் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கில் ரூபாயைக் கொட்டி வாங்குகிறார்கள்.

இதில் என்ன மாயம்?

ஒரு பிரெஞ்சு தையல் மன்னரின் சிறுவயது ஞாபகம், ஓர் அடிமைச் சிறுவனின் கைவிரல், ஒரு மரத்தின் பட்டை... இவ்வளவும் சேர்ந்த மாயம் அது. அதோடு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கொஞ்சம் அபாயமும் உண்டு!

மூக்கு படித்த பாடம்

எதிர்வீட்டில் ஏலக்காய் தட்டிப் போடுகிறார்கள். வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. "என்னங்க, அவங்க வீட்ல இன்னிக்குப் பாயசம் போல இருக்கே!" என்கிறார் இல்லத்தரசி. நாக்கில் எச்சில் ஊறுகிறது.

ஏலக்காயை வாயில் போட்டு மென்று பாருங்கள். இனிப்பா அது? காரமும் கசப்பும்தான் தெரியும். ஆனால் நமக்குப் பாயசத்திலும் கேசரியிலும் லட்டுவிலும் ஏலக்காயைப் போட்டே பழக்கியிருக்கிறார்கள். அதனால் ஏலக்காய் வாசனை வந்தாலே "இனிப்பு வருகிறது" என்று மூக்கு தகவல் கொடுத்துவிடுகிறது.

வளைகுடா நாட்டுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே அரபுக்காரர்கள் விருந்தாளிக்குக் கொடுக்கும் காபியிலும் ஏலக்காய் மணக்கும். ஆனால் அதில் சர்க்கரையே போடமாட்டார்கள்! பக்கத்தில் பேரீச்சம்பழம் இருக்கும், அவ்வளவுதான். வாசனை ஒன்று. படித்த பாடம் வேறு.

இது வெறும் ஊகம் அல்ல. 1990-களில் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்தே பார்த்துவிட்டார்கள். அங்குள்ளவர்களுக்கு அதிகம் பழக்கமில்லாத லிச்சிப் பழம் போன்ற வாசனைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாசனையைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து சிலமுறை குடிக்கக் கொடுத்தார்கள். இன்னொரு வாசனையைப் புளிப்புத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள்.

அப்புறம் வெறும் வாசனையை மட்டும் மோந்து பார்க்கச் சொன்னார்கள். முடிவு என்ன? சர்க்கரையோடு வந்த வாசனை முன்னைவிட இனிப்பாக இருக்கிறதாம்! புளிப்போடு வந்த வாசனை முன்னைவிடப் புளிப்பாக இருக்கிறதாம்!

இனிப்பு என்பது நாக்கின் சமாசாரம். நாக்கு சொல்லிக் கொடுத்ததை மூக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. சென்ட் கம்பெனிகள் காசாக்குவது இந்த மனப்பாடத்தைத்தான்.

பாரீசில் பிறந்த பஞ்சுமிட்டாய்!

தொண்ணூறுகளுக்கு முன்பு மேல்நாட்டுப் பெண்களுக்கான சென்ட் என்றால் பெரும்பாலும் பூ வாசனைதான். ரோஜா, மல்லிகை, அதோடு கொஞ்சம் எலுமிச்சை, கொஞ்சம் சந்தனம். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

இதைத் தலைகீழாக மாற்றியவர் தியெரி முக்லர் என்ற பிரெஞ்சு உடை அலங்கார நிபுணர். 1948-ல் ஸ்ட்ராஸ்பூர் நகரில் பிறந்தவர். முதலில் நடனக்காரர், பிறகு பாரீசில் தையல் மன்னர். 2022-ல் காலமானார்.

சிறுவயதில் ஊர்த் திருவிழாவில் சுற்றிய ஞாபகம் அவரை விடவே இல்லை. பஞ்சுமிட்டாய், சாக்லேட், காய்ச்சிய சர்க்கரைப் பாகு... "இந்த வாசனையெல்லாம் ஒரு சென்ட்டில் வேண்டும்" என்று கேட்டார். ஒலிவியே கிரெஸ்ப் என்ற வாசனைக் கலைஞர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். இவர் பிரான்சின் சென்ட் தலைநகரமான கிராஸ் ஊர்க்காரர்.

1992-ல் "ஏஞ்சல்" என்ற பெயரில் நீல நிற நட்சத்திர பாட்டில் கடைக்கு வந்தது.

வந்ததும் அமர்க்களம்தான்! "ஆஹா, கடித்துச் சாப்பிடலாம் போலிருக்கிறது" என்று ஒரு கூட்டம் கொண்டாடியது. "ஐயோ, மிட்டாய்க் கடைக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது" என்று இன்னொரு கூட்டம் மூக்கைப் பொத்தியது. நடுவில் நின்றவர்கள் குறைவு. ஆனால் விற்பனை ஏறிக்கொண்டே போனது. பிரான்சில் மிக அதிகமாக விற்ற சென்ட்டுகளில் ஒன்றாகிவிட்டது.

வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் திகட்டிவிடும் அல்லவா? அதற்காக கிரெஸ்ப் சேர்த்த சரக்கு பச்சௌலி எண்ணெய். மண்வாசனையும் மரவாசனையும் கலந்த காட்டமான எண்ணெய் அது. கைமுறுக்கு சாப்பிட்ட வாய்க்கு மைசூர்பாகு ருசிப்பது போல, அந்தக் காட்டம்தான் இனிப்பைத் தூக்கிக் காட்டியது.

இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. "பச்சௌலி" என்ற பெயரே தமிழிலிருந்து போனதுதான் என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன! 19-ம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைக் கப்பலில் அனுப்பும்போது பூச்சி அரிக்காமல் இருக்க நடுவே இந்த இலையை வைத்துக் கட்டுவார்கள். அந்த வாசனை இருந்தால்தான் அசல் சால்வை என்று பிரெஞ்சுக்காரர்கள் அப்போது நம்பினார்கள்.

ஏஞ்சல் வழியைப் பிடித்து மற்றவர்களும் கிளம்பினார்கள். 2011-ல் பிராடா கம்பெனியின் "கேண்டி". 2012-ல் லங்கோம் கம்பெனியின் "லா வீ எ பெல்". 2014-ல் காபியும் வெனிலாவும் மணக்கும் "பிளாக் ஓபியம்". இன்று இந்த வகைக்கென்றே ஒரு பெயர் இருக்கிறது: "கூர்மாண்". பிரெஞ்சு மொழியில் அதற்கு அர்த்தம், நம்மூர் பாஷையில் சொன்னால், சாப்பாட்டு ராமன்!

சமையல்கட்டு அல்ல... ரசாயனக் கூடம்!

இந்த வாசனைகளுக்கு யாரும் ஜாங்கிரி பிழிவதில்லை. சாக்லேட் உருக்குவதும் இல்லை. எல்லாம் பொடியாக டப்பாவில் வருகிறது.

முதல் சரக்கு எதில் மால்டால். பஞ்சுமிட்டாய் இயந்திரத்தில் சர்க்கரை சூடேறும்போது ஒரு வாசனை கிளம்புகிறதே, அதில் மால்டால் என்ற பொருளுக்குப் பங்கு உண்டு. ரொட்டியின் மேல்தோலிலும், வறுத்த தானியத்திலும் அது இருக்கிறது. அதையே மனிதன் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் எதில் மால்டால். இயற்கையில் இது கிடையாது. மால்டாலைவிடப் பல மடங்கு தூக்கலாக மணக்கும். ஏஞ்சலின் பஞ்சுமிட்டாய் ரகசியம் இதுதான்.

இரண்டாவது சரக்கு வெனிலின். வெனிலாக் காயின் முக்கிய வாசனைப் பொருள். 1874-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்மான், டீமான் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதை ஊசியிலை மரப்பட்டையின் சாற்றிலிருந்து செய்து காட்டினார்கள். காய் இல்லாமலே வெனிலா வாசனை!

இன்றைக்கு உலகில் பயன்படும் வெனிலினில் காயிலிருந்து வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரும்பகுதி பெட்ரோலிய சரக்கிலிருந்து தொழிற்சாலையில் தயாராகிறது. ஐஸ்கிரீம் கடையில் "வெண்ணிலா" என்று எழுதியிருப்பார்கள். அதற்கும் நிலாவுக்கும் சம்பந்தமில்லை. பல நேரம் வெனிலாக் கொடிக்கும் சம்பந்தமில்லை!

மூன்றாவது சரக்கு கூமரின். பாதாமும் வெனிலாவும் கலந்தது போல மணக்கும். 1868-ல் இதைச் செயற்கையாகச் செய்தவர் இங்கிலாந்தின் பெர்கின். சென்ட்டில் இது சர்வசாதாரணம். ஆனால் சாப்பாட்டில் தனியாகச் சேர்ப்பதற்கு அமெரிக்கா 1954-லேயே தடை போட்டுவிட்டது. கல்லீரலுக்கு ஆகாது என்பது காரணம். மூக்குக்கு விருந்து, வாய்க்குத் தடை!

இந்தச் சரக்குகளால் கம்பெனிகளுக்கு என்ன லாபம் தெரியுமா? ஒரு கிலோ மல்லிகைச் சாறு எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ பூ வேண்டும். விடிவதற்குள் பறிக்க ஆள் வேண்டும். தொழிற்சாலை வெனிலினுக்குப் பருவம் இல்லை, மழை, வெயில் இல்லை, விலையும் மலிவு. அதோடு அது சீக்கிரம் ஆவியாகாது. காலையில் தெளித்தால் சாயங்காலம் வரை சட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

12 வயதுச் சிறுவனின் கைவிரல்

வெனிலா வாசனையை உலகத்தின் மூக்குக்குப் பழக்கியது யார்? பெரிய விஞ்ஞானி அல்ல. ஓர் அடிமைச் சிறுவன்!

வெனிலா, மெக்சிகோ நாட்டுக் கொடி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்துமகா சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவுக்கு பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கொண்டுவந்து நட்டார்கள். கொடி வளர்ந்தது. பூ பூத்தது. காய் மட்டும் காய்க்கவில்லை. சுமார் இருபது வருஷம் இதே கதை.

காரணம் என்னவென்றால், அந்தப் பூ ஒரே ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும். அதிலும் சில மணி நேரம்தான். பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் சுவர் போல மறைத்துக்கொண்டிருக்கும். அந்தத் தீவில் அதைத் தாண்டி மகரந்தத்தைச் சேர்த்துவைக்க ஏற்ற பூச்சி இல்லை.

1836-ல் பெல்ஜியத்தில் ஒரு பேராசிரியர் கண்ணாடிக் கூடத்தில் வெனிலாவைக் காய்க்க வைத்தார். ஆனால் அந்த முறை தோட்டத்துக்கு வந்து சேரவில்லை.

ரீயூனியன் தீவில் சேன்ட் சுசான் என்ற ஊரில் ஒரு பண்ணையார் வீட்டில் எட்மண்ட் என்ற சிறுவன் இருந்தான். தாய் பிரசவத்திலேயே இறந்துவிட்டாள். அப்பா முகம் தெரியாது. பண்ணையாருக்குச் செடிகொடி என்றால் உயிர். பின்னாலேயே சுற்றிய பையனும் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டான்.

1841-ம் ஆண்டு. பண்ணையார் தோட்டத்தில் நடந்துபோனபோது கண்ணை நம்ப முடியவில்லை. வெனிலாக் கொடியில் காய்!

"நான்தான் செய்தேன்" என்றான் எட்மண்ட். அவனுக்கு வயது 12. பண்ணையார் முதலில் நம்பவில்லை. பிறகு பையன் செய்து காட்டினான். ஒரு மூங்கில் குச்சியால் மடலை மெல்லத் தூக்கினான். கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். அவ்வளவுதான். சில விநாடி வேலை!

செய்தி பரவியது. தோட்டம் தோட்டமாகப் பையனை வண்டியில் அழைத்துப்போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். சில பத்தாண்டுகளில் ரீயூனியன் தீவு வெனிலா வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தது. அங்கிருந்து அந்த வித்தை மடகாஸ்கர் தீவுக்குப் போனது. இன்று உலகில் அதிகம் வெனிலா விளைவது அங்கேதான். இன்றைக்கும் ஒவ்வொரு பூவையும் கையால்தான் தொட வேண்டும். பச்சைக் காயில் வாசனை கிடையாது. வெந்நீரில் முக்கி, வியர்க்க வைத்து, வெயிலில் உலர்த்தி, மாதக்கணக்கில் பக்குவம் செய்தால்தான் மணக்கும்.

கண்டுபிடித்தவனுக்கு என்ன கிடைத்தது?

1848-ல் அடிமை முறை ஒழிந்தது. எட்மண்டுக்கு "ஆல்பியஸ்" என்று குடும்பப் பெயர் கொடுத்து விடுதலை செய்தார்கள். கையில் காசு இல்லை. வீட்டு வேலைக்குப் போன இடத்தில் நகைத் திருட்டு வழக்கில் ஜெயிலுக்குப் போனார். "இந்தத் தீவுக்கே வெனிலாவைத் தந்தவன் இவன்" என்று பழைய பண்ணையார் மனுப் போட்டார். 1855-ல் தண்டனைக் காலம் முடியும் முன்பே விடுதலை கிடைத்தது.

இதற்கிடையில் ஒரு தாவரவியல் அறிஞர், "அந்த முறையைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்" என்று கிளம்பினார். அதையும் மறுத்துக் கடிதம் எழுதினார் பண்ணையார். பெயர் பிழைத்தது. பணம் மட்டும் வரவில்லை. 1880-ல் எட்மண்ட் ஏழையாகவே இறந்தார். இப்போது சேன்ட் சுசான் ஊரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

வெனிலா விலை பிறகும் பலரை ஆட்டிவைத்தது. 2018 வாக்கில் மடகாஸ்கர் காய் கிலோ 600 டாலர் வரை போனது. வெள்ளியைவிட விலை ஜாஸ்தி என்று பேசினார்கள். அதற்கு முன்பு, 2000-க்குப் பிந்தைய சில வருஷங்களில் விலை எகிறியபோது, கேரளா, கர்நாடகா, தமிழ்நாட்டு விவசாயிகளும் ஆசைப்பட்டு வெனிலாக் கொடி நட்டார்கள். காய் கைக்கு வருவதற்குள் விலை விழுந்தது. பலர் கொடியையே பிடுங்கி எறிந்தார்கள்.

குழந்தைக்கு என்ன தெரியும்?

மூக்கு படித்த பாடத்தால் பெரியவர்களுக்குச் செலவாவது காசு மட்டும்தான். மோந்து பார்த்துச் சிரித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். அதே பாடத்தை மூன்று வயதுக் குழந்தையும் படித்திருக்கிறது. "ஐஸ்கிரீம் வாசனை வந்தால் ஐஸ்கிரீம்" என்பதுதான் அதன் கணக்கு. அது மோந்து பார்த்ததோடு நிற்குமா? வாயில் வைக்கும்!

பழ வாசனை அடிக்கும் ரப்பரைக் கடித்துப் பார்க்காத பள்ளிக்கூடப் பிள்ளை உண்டா?

ரப்பரையாவது துப்பச் சொல்லலாம். சென்ட் பாட்டில் அப்படி அல்ல. அதில் பெரும்பகுதி ஆல்கஹால். நூற்றுக்கு எழுபது, எண்பது பங்குகூட இருக்கும். சிறு குழந்தை அதைக் குடித்துவிட்டால் தள்ளாட்டம், தூக்கம், மயக்கம் வரலாம். ரத்தத்தில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும். அதுதான் பெரிய ஆபத்து. பாட்டிலில் மணப்பது சர்க்கரை. உடம்பில் இறங்குவதும் சர்க்கரை!

இதனால்தான் ஐரோப்பிய நாடுகள் 1987-லேயே ஒரு விதி போட்டன. சாப்பாடு அல்லாத ஒரு பொருள், உருவத்தாலோ நிறத்தாலோ வாசனையாலோ சாப்பாடு என்று குழந்தைகளை ஏமாற்றி ஆபத்தில் தள்ளுமானால், அதை விற்கக்கூடாது. 2024 டிசம்பர் முதல் அங்கே அமலில் உள்ள புதிய பொருள் பாதுகாப்புச் சட்டத்திலும், சாப்பாட்டைப் போல் தோன்றும் பொருட்களுக்குத் தனி எச்சரிக்கை இருக்கிறது. "வாசனை" என்ற சொல்லும் அதில் இருக்கிறது.

பெற்றோர்களே, உஷார்!

இனிப்பு சென்ட் வாங்குவதில் தப்பில்லை. ஆசைப்பட்டதைப் பூசிக்கொள்ளலாம். ஆனால் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

சென்ட், வாசனைத் தைலம், கை துடைக்கும் திரவம் ஆகியவற்றைக் கண்ணாடிக்கு முன்னால் பரப்பி வைக்காதீர்கள். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள்.

குழந்தை எதிரில் "ம்ம்ம், சாக்லேட் மாதிரி இருக்கு, தின்னலாம் போல இருக்கு" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள். பெரியவர்கள் பேச்சை அது அப்படியே நம்பும்.

கேக், குல்பி, மிட்டாய் உருவத்தில் வரும் சோப்பையும் மெழுகுவர்த்தியையும் சாப்பாட்டு மேஜையில் வைக்காதீர்கள்.

ஒருவேளை குடித்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கப் பார்க்காதீர்கள். "கொஞ்சம்தானே" என்று காத்திருக்கவும் வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று டாக்டர் பார்க்க அது உதவும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்திலேயே மிட்டாய் வாசனை சோப்பை அடுக்காதீர்கள். வேறு தட்டில் வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆபீஸ் போகிறவர்களுக்கும் ஒன்று. கூட்டமான பஸ்ஸில், மின்சார ரயிலில் இந்த வாசனை லேசில் விடாது. உங்களுக்குப் பாயசமாக மணப்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலியாக இருக்கலாம். ஒரு தெளிப்பு போதும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சர்க்கரை டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். பிறகு அந்த அழகான பாட்டிலையும் மோந்து பாருங்கள். இனிக்கிற பொருளுக்கு வாசனை இல்லை. வாசனை உள்ள பொருளில் இனிப்பு இல்லை.

இது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் தவழ்கிற குட்டிக்குத் தெரியாது. மறக்காமல் அந்த பாட்டிலை எடுத்து மேல் தட்டில் வையுங்கள்!